செங்கல் களவுபோன ஊர்: ஹரப்பா மேட்டில் மிஞ்சியதும் தொலைந்ததும்

பஞ்சாப் சமவெளியில் கல் கிடையாது. ஐந்து ஆறுகளும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டியது வண்டல் மட்டும்தான். வீடு கட்டுகிறவனுக்கும், கோட்டை கட்டுகிறவனுக்கும், பிற்காலத்தில் தண்டவாளம் போடுகிறவனுக்கும் அங்கே ஒரே வழி, மண்ணை அறுத்துச் சுடுவது. இல்லாவிட்டால் முன்னோர் சுட்டு வைத்ததை எடுப்பது. இரண்டாவது வழி எப்போதும் மலிவு. சிந்துவெளி நாகரிகத்தின் பழைய நகரம் ஒன்று அடியில் புதைந்து கிடக்கும் ஹரப்பா என்ற சிறு ஊரின் வரலாறு நமக்கு இன்று எந்த வடிவத்தில் கிடைக்கிறது என்பதை இந்த மலிவுதான் தீர்மானித்தது.

ஊர் இருப்பது பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், லாகூர்–முல்தான் வழித்தடத்தில், சாஹிவாலுக்கு மேற்கே சுமார் 24 கிலோமீட்டரில். (1865 முதல் ஒரு நூற்றாண்டு காலம் சாஹிவாலுக்கு மாண்ட்கோமரி என்று பெயர்.) ராவி ஆறு இப்போது வடக்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. பழைய படுகை மட்டும் மேட்டை ஒட்டிக் கிடக்கிறது. தொல்லியல் மேடுகள் மொத்தம் 150 ஹெக்டேர், அதாவது 370 ஏக்கர் அளவுக்குப் பரவியிருக்கின்றன. அவற்றின் ஒரு பகுதி மேல்தான் இன்றைய ஊர் உட்கார்ந்திருக்கிறது.

ஆய்வாளர்கள் மேடுகளை எழுத்துகளால் குறிக்கிறார்கள். மேற்கே உயர்ந்து நிற்பது ஏபி மேடு. அதற்கு வடக்கே எஃப், கிழக்கே இ, அதையொட்டி ஈடி. தெற்கே இரண்டு இடுகாடுகள், ஆர்-37, ஹெச்.

எடுத்தது யார், எவ்வளவு

1829 வாக்கில் சார்லஸ் மாசன் இவ்வழியே வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிலிருந்து ஓடிப்போன சிப்பாய், சொந்தப் பெயர் ஜேம்ஸ் லூயிஸ். இடிந்த செங்கல் கோட்டையைப் பார்த்து, அலெக்சாண்டர் போரிட்ட சங்கலா இதுதான் என்று எண்ணினார். 1831-இல் வந்த அலெக்சாண்டர் பர்ன்ஸ், இடிபாட்டின் சுற்றளவு மூன்று மைல் இருக்கும் என்று எழுதினார். பிற்பாடு இந்தியத் தொல்லியல் துறையின் முதல் தலைவரான அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் 1853-லும் 1856-லும் பார்த்துவிட்டு, 1872-73-இல் மண்வெட்டியோடு திரும்பி வந்தபோது, தாம் முன்பு கண்ட சுவர்களே பெரும்பாலும் இல்லை. இடையில் 1865-இல் லாகூர்–முல்தான் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. ஏறக்குறைய 100 மைல் பாதைக்கு வேண்டிய செங்கல் ஜல்லி இந்த மேட்டிலிருந்து போனது என்று அவர் பதிவு செய்தார்.

100 மைல் என்று கேட்டால் கண்ணுக்குள் எதுவும் வராது. ஒரு தோராயக் கணக்குப் போடலாம். 160 கிலோமீட்டர் பாதை. ஒரு மீட்டருக்கு ஒரு கன மீட்டர் ஜல்லி என்று வைத்துக்கொள்வோம். 1,60,000 கன மீட்டர் வருகிறது. ஜல்லிக் குவியலில் ஐந்தில் இரண்டு பங்கு வெறும் இடைவெளி. கழித்தால் 96,000 கன மீட்டர் திடச் செங்கல். ஹரப்பாவின் வீட்டுச் செங்கல் 7 × 14 × 28 செ.மீ., ஒன்றின் கன அளவு 2,744 கன செ.மீ. வகுத்தால் சுமார் மூன்றரைக் கோடி செங்கல். மீட்டருக்குப் பாதி கன மீட்டர்தான் போட்டார்கள் என்று வைத்தாலும் ஒன்றே முக்கால் கோடி. இதில் சுற்றுவட்டாரக் கிராமங்கள் வீடு கட்ட எடுத்துப் போனது சேரவில்லை.

எடுத்தவர்களுக்கு ஒரு தெரிவு இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம். அவர்களுக்கு வேண்டியது சுட்ட செங்கல். பச்சைச் செங்கல்லை உடைத்துத் தண்டவாளத்துக்கு அடியில் போட்டால் முதல் மழைக்கே சேறாகிவிடும். அதைத் தொடவில்லை. இடுகாடுகளில் செங்கல்லே அரிது, அங்கேயும் வேலையில்லை. மேட்டின் அடியில் பல மீட்டர் ஆழத்தில் கிடந்த, செங்கல் சுடத் தொடங்குவதற்கு முந்தைய குடியிருப்பும் தப்பித்தது. ஆக, களவுபோனது ஊரின் நடுக்காலமும் பிற்காலமும். தோற்றக்காலம் அப்படியே கிடந்தது. மொஹஞ்சதாரோவில் இதற்கு நேர்மாறு: மேலே தெருவும் வீடும் ஆளுயரத்துக்கு நிற்கின்றன, ஆனால் அடி அடுக்குகள் நிலத்தடி நீரில் மூழ்கிவிட்டதால் அந்த ஊர் எப்படித் தொடங்கியது என்று தோண்டிப் பார்க்க முடிவதில்லை. சுற்றுலாப் பயணி ஹரப்பாவில் ஏமாறுகிறார். சிந்துவெளி நகரம் ஒன்று எப்படி முளைத்தது என்று கேட்பவருக்கு இந்த மேட்டைவிட நல்ல இடம் கிடையாது.

தவறாக வாசித்தவர்கள்

கன்னிங்ஹாம் கையில் சாவியே இருந்தது. மேஜர் கிளார்க் கண்டெடுத்த ஒரு கரிய வழவழப்பான கல் முத்திரை: திமிலில்லாத காளை, அதற்கு மேல் ஆறு எழுத்துகள். 1875-இல் அதை வெளியிட்டார். காளைக்குத் திமில் இல்லை, எழுத்தும் தெரிந்த எழுத்தில்லை, ஆகவே இது இந்தியாவுக்கு அந்நியமானது என்று முடித்துவிட்டார். அவர் தேடிக்கொண்டிருந்தது சீனப் பயணி யுவான் சுவாங் குறிப்பிட்ட பௌத்த ஊர்களை. ஹரப்பாவையும் அந்தப் பட்டியலில் ஒன்றாகத்தான் பொருத்திப் பார்த்தார். கையில் இருந்த கேள்வி வேறாக இருந்ததால் மேடு சொன்ன பதில் காதில் விழவில்லை.

1920-21-இல் தயாராம் சாஹ்னி தோண்டத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மொஹஞ்சதாரோவில் ராக்கால்தாஸ் பானர்ஜி. 640 கிலோமீட்டர் அளவுக்கு விலகிக் கிடக்கும் இரண்டு ஊர்களிலும் ஒரே மாதிரி முத்திரை என்பதை வைத்துத்தான் அன்றைய தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் 1924 செப்டம்பர் 20-இல் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழில் புதியதொரு நாகரிகத்தை அறிவித்தார். முதலில் தோண்டிய இடத்தின் பெயரால் அது ஹரப்பா நாகரிகம் ஆயிற்று. உடனே புகழ் மட்டும் மொஹஞ்சதாரோ இருக்கும் சிந்து மாகாணத்துக்குப் போய்விட்டது. அங்கே படம் எடுக்கச் சுவர் இருந்தது.

1926 முதல் 1934 வரை மாதோ ஸ்வரூப் வத்ஸ் பெரிய அளவில் தோண்டினார். சிவப்பு ஜாஸ்பர் கல்லில் செதுக்கிய, பத்து சென்டிமீட்டருக்கும் குறைவான ஆண் உடற்சிலை அவர் காலத்துக் கண்டெடுப்பு. (பிரிவினைக்குப் பின் அது டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. ஊர் ஒரு நாட்டில், சிலை ஒரு நாட்டில்.) பொருள்களைக் குவித்த அந்த அகழாய்வில் ஒரு அடிப்படைக் கோளாறும் இருந்தது. அன்றைய வழக்கப்படி, பொருள் மேற்பரப்பிலிருந்து எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்பதையே பெரிதும் நம்பிக் காலம் கணித்தார்கள். வயல்போலச் சமமாகப் படிந்த மண்ணில் இது சரிவரும். ஊர்மேட்டில் வராது. மேடு சரிவாக இருக்கும். ஒரு வீட்டின் தரையும் அடுத்த வீட்டின் தரையும் ஒரே காலத்தவையாக இருந்தும் ஆறடி மேலும் கீழுமாக இருக்கும். பழையவன் போட்ட குப்பையைப் புதியவன் குழிதோண்டி மேலே எறிந்திருப்பான்.

ஹரப்பாவில் இதோடு செங்கல் திருடர் குழியும் சேர்ந்துகொள்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டே கீழே போய், செங்கல்லை உருவிவிட்டு, உடைசலையும் மண்ணையும் அதிலேயே தள்ளி மூடியிருப்பார்கள். அந்த நிரப்பு மண்ணில் பத்தடி ஆழத்தில் கிடைக்கும் பானை ஓடு மேல் அடுக்கிலிருந்து விழுந்ததாக இருக்கும். ஆழம் பார்த்துக் கணித்தால் பல நூறு ஆண்டுகள் தப்பும். சரியான முறை வேறு. குழியின் பக்கச்சுவரைச் செங்குத்தாகச் சீவி, மண்ணின் நிறம், ஈரம், சாம்பல் கோடு, ஓட்டுத் துணுக்குகளின் சாய்வு ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு அடுக்கையும் தனியாகப் பிரிக்க வேண்டும். திருடர் குழியை முதலில் அடையாளம் கண்டு தனியாகக் காலி செய்ய வேண்டும். அதில் கிடைக்கும் எதையும் காலக்கணக்கில் சேர்க்கக்கூடாது. செங்கல் போன இடத்தில் சுவரின் அச்சு மட்டும், தளர்ந்த மண் நிரம்பிய நீள்குழியாக மிஞ்சியிருக்கும். அதை அளந்தே இல்லாத சுவரை வரைபடத்தில் ஏற்றிவிடலாம்.

மண்ணடுக்கு முறையை இங்கே கொண்டுவந்தவர் மார்ட்டிமர் வீலர், 1946-இல். ஏபி மேட்டின் மேற்கு விளிம்பை ஆழமாக வெட்டி, அதைச் சுற்றி மதில் இருந்ததைக் காட்டினார். மேட்டின் அளவு சுமார் 420 × 196 மீட்டர். மதிலின் அடிப்பகுதி 45 அடி அகலப் பச்சைச் செங்கல், அதன் வெளிமுகத்தில் 4 அடி கனத்துக்குச் சுட்ட செங்கல் போர்வை. ரயில்காரர்கள் உரித்துப்போனது இந்தப் போர்வை போன்றவற்றைத்தான், உள்ளுடல் நின்றது.

வெட்டு நேர்த்தி. விளக்கம்தான் சறுக்கியது. ஹெச் இடுகாட்டின் மேலடுக்கில் மயில் தீட்டிய தாழிகளில் எலும்புகள் கிடைத்திருந்தன. மட்கலமும் புதைக்கும் முறையும், நகரக் காலத்து ஆர்-37 இடுகாட்டினின்றும் வேறு. இவர்கள் படையெடுத்து வந்த ஆரியர், மதில் இருக்கிறது, ரிக்வேதத்தில் இந்திரனுக்குப் ‘புரந்தரன்’, கோட்டை உடைப்பவன், என்று பெயர் இருக்கிறது, ஆறாம் மண்டலத்தில் ‘ஹரியூபியா’ என்ற இடத்தில் ஒரு போரும் இருக்கிறது என்று முடிச்சுப் போட்டார் வீலர். பாடப்புத்தகங்களில் அது அரை நூற்றாண்டு வாழ்ந்தது. ஆனால் ஹரப்பாவில் நகரம் எரிந்ததற்கான அடுக்கு இல்லை. இரண்டு இடுகாடுகளுக்கும் இடையிலான வேறுபாடு ஒரே நாளில் வந்ததில்லை என்பதைப் பிற்கால அகழாய்வு காட்டிவிட்டது: பழைய பாண்டங்களும் புதியவையும் ஒரே வீட்டில் சேர்ந்து புழங்கிய ஒரு காலம் நடுவில் இருந்தது.

எஃப் மேட்டின் ‘தானியக் களஞ்சியம்’ இதே வகைப் பிழை. ஆறாறாக இரண்டு வரிசையில் பன்னிரண்டு அறைகள், ஒவ்வொன்றும் 50 × 20 அடி, நடுவே 23 அடி நடைபாதை. தெற்கே, செங்கல்லை வளையம் வளையமாக நிறுத்தி அடுக்கிய வட்ட மேடைகள், சுமார் 11 அடி விட்டம்; வீலர் காலம் வரை 18 எண்ணப்பட்டன. ஒன்றின் நடுக்குழியில் கருகிய கோதுமையும் வாற்கோதுமையும் இருந்ததால், அவை உரல் மேடைகள், பக்கத்தில் களஞ்சியம், உழைப்பாளர் குடியிருப்பு என்று ஓர் அரசாங்கமே உருவாகிவிட்டது. மறுபடி தோண்டிப் பார்த்தபோது ஒவ்வொரு மேடையும் ஒரு சிறு அறைக்குள் தனித்தனியே இருந்தது தெரிந்தது. தானியம் குத்தியதற்கான உமியும் தவிடும் எதிர்பார்த்தபடி கிடைக்கவில்லை. ஒரு குழியின் ஒரு பிடி தானியத்தை வைத்துப் பதினெட்டு மேடைக்கும் தொழில் ஒதுக்கியதுதான் தவறு. அந்தப் பெரிய கட்டடம் எதற்கு என்பது இன்றும் திறந்த கேள்வி; களஞ்சியம் என்று தயங்காமல் எழுதும் பழக்கத்தை விட்டுவிடலாம்.

ஊர் முளைத்த கதை

1986-இல் ஜார்ஜ் டேல்ஸ், ஜொனாதன் மார்க் கெனோயர், பிறகு ரிச்சர்ட் மெடோ ஆகியோர் பாகிஸ்தான் தொல்லியல் துறையோடு சேர்ந்து தொடங்கிய நீண்ட ஆய்வுதான் மேட்டின் அடிவரை அடுக்கைப் பிரித்துப் படித்தது. கரிமக் காலக்கணிப்புகளின் துணையோடு ஊருக்கு வரிசையான பிறப்புச் சான்றிதழ் கிடைத்தது.

அடியில் இருப்பது ராவிக் காலம், கி.மு. 3300 முதல் 2800 வரை. கம்பு நட்டு, நாணல் படல் கட்டி, மண் பூசிய குடிசைகள். கம்பு மக்கிப் போனாலும் அது நின்ற குழி வட்டக் கறையாக மண்ணில் தெரியும். அதை வைத்தே வீட்டின் திசையைச் சொல்கிறார்கள். கையால் வனைந்த பானைகள், அவற்றின் மேல் கீறிய குறிகள். சிலவற்றைச் சுடுமுன் குயவரே கீறியிருக்கிறார், சில சுட்டபின் உடையவர் கீறியவை. மாவுக்கல் மணிகளைச் சூடேற்றி வெளுக்க வைக்கும் நுட்பம் அப்போதே கைவந்திருக்கிறது. கடற்சங்கும் லாபிஸ் லசூலி என்னும் நீலக்கல்லும்கூட இருக்கின்றன. ஒன்று அரபிக்கடலோரத்துப் பொருள், மற்றது ஆப்கன் மலையினது. ஆற்றங்கரைக் குடிசை ஊர்தான், ஆனால் தனித்த ஊர் இல்லை.

அடுத்து, சிந்துவில் உள்ள கோட் டிஜி என்ற இடத்தின் பெயரால் வழங்கும் கோட் டிஜிக் காலம், கி.மு. 2800–2600. ஊர் 25 ஹெக்டேரைத் தாண்டி வளர்கிறது. பச்சைச் செங்கல் சுற்றுச்சுவர் எழுகிறது. கனசதுர எடைக்கல்லும் முத்திரையும் தலைகாட்டுகின்றன. செங்கல் உயரம், அகலம், நீளம் 1:2:4 என்ற விகிதத்துக்கு வருவதும் இங்கேதான். நகரம் என்று நாம் சொல்லும் எல்லாவற்றுக்கும் வித்து இந்த இருநூறு ஆண்டுகளில் இருக்கிறது. மெசபடோமியாவிலிருந்து யாரோ வந்து கற்றுக்கொடுத்தார்கள் என்ற பழைய ஊகத்துக்கு ஹரப்பாவின் அடிமண் இடம் வைக்கவில்லை.

அந்த விகிதம் ஏன் நிலைத்தது என்று கொத்தனாரைக் கேட்டால் சொல்லிவிடுவார். 28 செ.மீ. நீளம் 14 செ.மீ. அகலத்தின் இரட்டிப்பு. இரண்டு கல்லைக் குறுக்கே வைத்தால் முகப்பில் ஒரு கல்லின் நீளம். ஒரு வரிசை நீளவாக்கில், மறு வரிசை குறுக்குவாக்கில் என்று மாற்றி மாற்றி வைக்கும்போது மேல் இணைப்பும் கீழ் இணைப்பும் நேர்கோட்டில் விழாது. சுவர் பிளக்காது, கல்லை வெட்டி வீணாக்கவும் வேண்டாம். மதிலுக்கு அதே விகிதத்தில் பெரிய கல், 10 × 20 × 40 செ.மீ. கிணற்றுக்கு மட்டும் ஆப்பு வடிவக் கல்: உள்முகம் குறுகி வெளிமுகம் அகன்றிருக்கும், மண் நெருக்க நெருக்க வளையம் இறுகும்.

கி.மு. 2600 முதல் 1900 வரை நகரக் காலம். ஒவ்வொரு மேட்டுக்கும் தனித்தனி மதில். இ மேட்டின் தெற்கு வாயில் 2.8 மீட்டர் அகலம்தான், ஒரே ஒரு மாட்டுவண்டி நுழையும். பகைவனைத் தடுப்பதைவிடச் சரக்கை நிறுத்தி எண்ணுவதற்கு ஏற்ற அகலம் இது. வாயிலை ஒட்டி எடைக்கற்கள் கிடைப்பது சுங்கம் தண்டியதைக் காட்டுவதாகக் கெனோயர் கருதுகிறார், நம்பத் தக்கதே. கற்கள் கனசதுரம், பட்டையிட்ட சிக்கிமுக்கிக் கல். மிகச் சிறியது 0.86 கிராம் அளவு. அங்கிருந்து இரட்டித்து இரட்டித்துப் போய், பதினாறு மடங்கான 13.7 கிராம்தான் அதிகம் புழங்கியது.

வீட்டுக்கு வீடு கழிவறை இருந்தது: தரையில் புதைத்த பெரிய தாழி, அடியில் நீர் கசிய ஒரு துளை. மொஹஞ்சதாரோவில் எழுநூறு கிணறு என்றால் இங்கே கண்டுபிடித்தவை பத்தைத் தொடவில்லை. மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளம் குளமாக இருந்திருக்கலாம், ராவியும் அப்போது பக்கத்திலேயே ஓடியது. சிந்துவெளி நகரங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று சொல்பவர்கள் இந்தக் கிணற்றுக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

எழுத்துக்கும் ஹரப்பா தனிச் சாட்சி. இங்கே விரல்நுனி அளவுள்ள மாவுக்கல் பட்டைகள் நிறைய. இ மேட்டின் மதிலுக்கு வெளியே குப்பையில் ஒரே இடத்தில் மூன்று பக்கமுள்ள 22 பட்டைகள் கிடைத்தன, எல்லாவற்றிலும் ஒரே வாசகம். பெயரோ, கடவுளோ, கூப்பன்போல ஏதோ ஒரு சீட்டோ, வேலை முடிந்ததும் மொத்தமாகக் கொட்டியிருக்கிறார்கள். தமிழ் வாசகருக்கு இந்த எழுத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. 417 குறிகளை வகைப்படுத்திய தொடரடைவை, அதாவது எந்தக் குறி எங்கெங்கே வருகிறது என்ற பட்டியலை, 1977-இல் தந்தவர் ஐராவதம் மகாதேவன். அடியில் இருப்பது திராவிட மொழி என்ற கருதுகோளை வாழ்நாள் முழுக்கச் சோதித்தவர். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, இதை வாசித்துக் காட்டுவோருக்குப் பத்து லட்சம் டாலர் அறிவித்தது. பணம் இன்னும் அரசிடமே இருக்கிறது.

கி.மு. 1900-க்குப் பின் தெருவை நோக்கிச் சுவர்கள் நகர்கின்றன, வடிகால் அடைபடுகிறது, எடைக்கல்லும் முத்திரையும் மறைகின்றன. ஊர் காலியாகவில்லை. புதுவகைச் சூளை வருகிறது, கண்ணாடி மணியும் வருகிறது. கி.மு. 1300 வரை ஆட்கள் இருந்திருக்கிறார்கள். இந்தக் கடைசிப் பகுதிதான் மேற்பரப்புக்கு அருகில் இருந்தது. ரயில் ஜல்லியோடு அதிகம் அழிந்ததும் இதுவே. வீழ்ச்சியைப் பற்றி இத்தனை கட்டுக்கதை முளைத்ததற்கு அது ஒரு காரணம்.

மேட்டின் மேல் பிற்காலம்

பல நூற்றாண்டு கழித்து லாகூர்–முல்தான் சாலை இதே இடத்தைத் தொட்டுப் போனது. இ மேட்டின் தெற்கே முகலாயர் காலச் சத்திரம் ஒன்று எழுந்தது, பழைய நகர வாயிலுக்குச் சற்று வெளியே. வண்டி நிற்கும் இடம் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மாறவில்லை. ஏபி மேட்டில் ‘நௌகஜா’, ஒன்பது கஜ நீளமுள்ளவர், என்று அழைக்கப்படும் நூர் ஷாவின் அடக்கத்தலம் இருக்கிறது. அங்கே கிடந்த பெரிய வளையக் கற்களை அவருடைய நகைகள் என்று மக்கள் சொல்லிவந்தார்கள். ஹர்பால் என்ற அரசன் செய்த முறைகேட்டால் ஊர் அழிந்தது, அவன் பெயரே ஊர்ப்பெயர் என்பது கன்னிங்ஹாம் காதில் விழுந்த கதை. அடக்கத்தலம் இருந்ததால் அதைச் சுற்றிய மண் ஓரளவு தப்பியது. சட்டம் செய்யாததைப் பக்தி செய்தது.

இன்றைய எதிரி உப்பு. 1913-இல் கீழ் பாரி தோவாப் கால்வாய் திறந்து நிலத்தடி நீர் ஏறியது. செங்கல் அந்த நீரைத் திரிபோல உறிஞ்சுகிறது. வெயிலில் முகப்பில் நீர் ஆவியாக, கரைந்திருந்த உப்பு துளைகளுக்குள் படிகமாகிறது. சோடியம் சல்பேட் குளிரில் ஈரம் ஏற்று மூன்று மடங்கு பருக்கும், வெயிலில் சுருங்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஏடு உதிர்ந்து, நாலாயிரம் ஆண்டு நின்ற கல் சில பருவங்களில் மாவாகிறது. சிமெண்ட் பூசினால் மோசம்: ஈரம் வெளியேற வழியின்றி மேலேறிப் புதிய கல்லைத் தின்னும். உப்புக் குறைந்த மண்ணில் வைக்கோல் கலந்து பூசுவதுதான் நடைமுறை. உப்பு அந்தப் பூச்சில் படிகமாகும், பூச்சு உதிரும், மறுபடி பூச வேண்டும். அதைவிட உறுதியான வழி, அளந்து படமெடுத்தபின் குழியை மண்ணிட்டு மூடிவிடுவது. ஆய்வு முடிந்த குழிகள் பல அப்படித்தான் மூடப்பட்டன. பார்க்க வருபவர்களுக்கு அது பிடிப்பதில்லை. மொஹஞ்சதாரோ 1980-இலேயே உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிவிட்டது. ஹரப்பா 2004 முதல் தற்காலிகப் பட்டியலில் காத்திருக்கிறது. 2005-இல் இங்கே கேளிக்கைப் பூங்கா கட்டக் கடைக்கால் தோண்டி, தொல்பொருள்கள் வெளிவந்ததால் கைவிட்டார்கள்.

ஊருக்குள் நடப்பவர் கையில் ஓர் அளவுநாடா இருந்தால் போதும். சுவரில் 7 × 14 × 28 செ.மீ. கல் தெரிந்தால் அது மேட்டிலிருந்து வந்தது. விரல் பருமனே கொண்ட மெல்லிய கல் முகலாய, சீக்கியர் காலத்துச் சூளை. 9 × 4½ × 3 அங்குலம் என்றால் வெள்ளைக்காரன் அச்சு. முதல் அளவு, பழைய வீட்டுச் சுவர்களில் மற்ற இரண்டோடும் கலந்து நிற்கும். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் பார்க்க வேண்டும்.